கொல்லையில் நிற்கப்போகும் ஆண்டெனாக் கம்பத்துக்கு என்ன வாங்குவது?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) ஓரத்தில் ஒற்றை மாடி வீடு, கொல்லை வேலிக்கு அப்பால் செம்பனை (எண்ணெய்ப்பனை). அமெச்சூர் வானொலி உரிமம் புதிதாகக் கிடைத்திருக்கிறது. 2 மீட்டர் அலைவரிசைக்கு (மீட்டர் என்பது இங்கே அலைநீளம்) ஃபைபர்கிளாஸ் செங்குத்து ஆண்டெனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், நீளம் 1.7 மீட்டர். பின்னாளில் 40 மீட்டர் அலைவரிசைக்குக் கம்பி டைபோல் (நடுவில் கேபிள் இணையும் நீளக் கம்பி ஆண்டெனா) கட்டும் ஆசையும் உண்டு. கம்பத்துக்கு அப்பா மூங்கில் போதும் என்கிறார், கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் என்கிறார், நண்பர் அலுமினியம் என்கிறார். எதை வாங்குவது?

என் பதில்: ஒன்றரை அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்), 6 மீட்டர் முழு நீளம், ஒட்டே இல்லாமல். அடியில் கீல். தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வீட்டின் கான்கிரீட் பீமோடு பைப்பை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி, அதாவது ஒரு பிடி. இப்போதைக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காரணம் தெரியாமல் போனால் கடையில் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள்.

முதலில் உயரம். ஒற்றை மாடி வீட்டுக் கூரை முகடு 5 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆண்டெனாவின் அடிப்பகுதி 6 மீட்டரில் நின்றால் கூரையைத் தாண்டிவிடும், 2 மீட்டர் அலைவரிசைக்கு அதுவே நல்ல தொடக்கம். 40 மீட்டர் டைபோல் ஏறக்குறைய 20 மீட்டர் நீளக் கம்பி. நாட்டுக்குள் பேச அதை 6 மீட்டரில் தலைகீழ் வி வடிவில் கட்டினாலே வேலை நடக்கும், வெளிநாட்டுத் தொடர்புக்குத்தான் உயரம் கேட்கும். செம்பனையை உயரத்தில் வெல்ல மட்டும் நினைக்காதீர்கள். அது 10 மீட்டரையும் தாண்டி வளரும். 25 வயது ஆனதும் தோட்டக்காரர்களே சாய்த்து மறுநடவு செய்வார்கள், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம்.

இனி பைப். எல்லாரும் உலோகத்தைப் பற்றியே கேட்கிறார்கள், ஆனால் வளைவதும் வளையாததும் பெரும்பாலும் குழாயின் விட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு அங்குல ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலத்தின் வெளிவிட்டம் 48.3. இரண்டுக்கும் சுவர்த் தடிமன் 3.2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடை மீட்டருக்கு 2.4 கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்கு, அதாவது ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

காற்றைக் கணக்கில் கொண்டுவந்தால் இது இன்னும் தெளிவாகும். கட்டடங்களுக்கான மலேசிய நியமம் எம்எஸ் 1553, தீபகற்பத்துக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்று இரண்டு மண்டலங்களை வைத்திருக்கிறது. 33.5 என்பது மணிக்கு 120 கிலோமீட்டர். நம் பக்கம் புயல் வருவதில்லை என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பிற்பகல் இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து கீழே கொட்டும் காற்று இருக்கிறதே, தகரக் கூரையைச் சுருட்டிக்கொண்டு போவது அதுதான். மேற்குக் கரையோர ஊர்களுக்கு, மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் சுமத்ராக் காற்றும் உண்டு.

அந்த 120 கிலோமீட்டர் காற்றில், தரையில் மட்டும் ஊன்றி, வேறு பிடி இல்லாமல் 6 மீட்டர் நிற்கும் ஒரு அங்குலப் பைப்பின் உச்சியில் உங்கள் ஆண்டெனாவை வைத்துக் கணக்குப் போட்டேன். அடியில் விழும் வளைவுச் சுமை, சாதாரண இரும்பு தாங்கும் அளவைப் போல் ஒன்றரை மடங்கு வருகிறது. மடங்கிவிடும் என்று அர்த்தம். ஒன்றரை அங்குலம் என்றால் தாங்கும் அளவில் 88 விழுக்காடு. நிற்கும், ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் நான் தூங்க மாட்டேன். அதே பைப்பை 3 மீட்டரில் வீட்டோடு பிடித்துவிட்டால் பிடிக்கு மேலே உள்ள 3 மீட்டர் மட்டுமே ஆடும், சுமை 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். எந்த உலோகத்தையும்விட அந்த ஒரு பிடி அதிகம் சாதிக்கிறது. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் சுவர்ப் பிடிக்கும் போல்ட்டுக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்தில் பைப் வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை. பிரிட்டிஷ் நியமப்படி வந்த பைப்பில் முனையோரம் வண்ணப் பட்டை இருக்கும்: பழுப்பு என்றால் லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. பி கிளாஸ் என்று கேட்பது நீலத்தை. பட்டை அழிந்திருந்தால் காலிப்பர் வைத்துச் சுவரை அளந்துவிடுங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார். சாரம் கட்டும் குழாயும் இதே 48.3 மில்லிமீட்டர்தான். கட்டுமான ஆட்கள் பழசைத் தள்ளிவிடும்போது மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிளாம்ப் நசுக்கிய பள்ளம், உள்ளே துரு, லேசான வளைவு மூன்றையும் பாருங்கள். தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பள்ளம் விழுந்த இடத்தில்தான் நாளைக்கு மடங்கும்.

இரண்டு நீளத்தை இணைத்து உயரமாக்கலாமே என்று தோன்றும். தண்ணீர்க் குழாய்க்கு மறை வெட்டி சாக்கெட் போட்டு இணைப்பதைக் கம்பத்துக்குச் செய்யாதீர்கள். மறை வெட்டும்போது சுவர் அந்த இடத்தில் பாதிக்குப் பக்கமாகத் தேய்கிறது, காற்று அங்கேதான் ஒடிக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகுவது நல்ல வழி, ஆனால் அளவுகள் ஏமாற்றும். ஒன்றேகால் அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 42.4, ஒன்றரை அங்குல பி கிளாஸின் உள்விட்டம் 41.9. அரை மில்லிமீட்டரில் உள்ளே போகாது, சுத்தியலால் அடித்தாலும் போகாது. இரண்டு அங்குல பி கிளாஸுக்குள் ஒன்றரை அங்குலம் போகும், ஆனால் 5 மில்லிமீட்டர் அளவுக்கு லொடலொடக்கும். அலுமினியத் தகட்டைச் சுற்றி இறுக்கி, குறைந்தது 60 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, குறுக்கே இரண்டு போல்ட் போட வேண்டும்.

ஜிஐ பைப்பை வெல்டிங் செய்வதானால் கிரில் கடைக்காரரிடம் துத்தநாகப் பூச்சை முதலில் அரைத்து எடுக்கச் சொல்லுங்கள். அது எரியும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். வெல்டிங் முடிந்த இடத்தில் துத்தநாகம் கலந்த பெயிண்ட் இரண்டு பூச்சு. அப்புறம் பைப்பின் மேல்வாயை மூடுங்கள், கீழே சிறு துளை விடுங்கள். இங்கே பெய்கிற மழைக்குத் திறந்த பைப் ஒரு பூவாளி மாதிரி நிறைந்துவிடும். உள்ளிருந்து வரும் துரு கண்ணில் படாது, ஒரு நாள் ஆளையும் சேர்த்துத்தான் சாய்க்கும்.

அலுமினியத்துக்கு வருவோம். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவுக் குழாய் என்றால் அலுமினியம் மூன்று மடங்கு அதிகமாக வளைந்து கொடுக்கும். உச்சியில் எடையைக் குறைக்க அது அருமையான பொருள், அடிக்கம்பத்துக்கு அதற்குக் கொடுக்கும் விலை வீண். சன்னல் சட்டத்துக்கு வரும் 6063 ரகம் மென்மையானது, 6061-டி6 உறுதியானது. எதுவானாலும் அலுமினியத்தை வெல்டிங் செய்யாதீர்கள், சூடு பட்ட இடத்தில் பதம் இறங்கிவிடும். போல்ட், யூ போல்ட் போதும்.

இந்த ஊரில் அலுமினியம் என்றதும் எல்லார் கண்ணும் போவது குலை வெட்டும் நீளக் கழி மேல். உயர்ந்த செம்பனைக்கு அரிவாள் மாட்டி நீட்டுகிறார்களே, அதுதான். தோட்டத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் பழைய கழி சும்மாவே கிடைக்கும். ஒரு நாள் ஆண்டெனா சோதித்துப் பார்க்க, அல்லது குன்றுக்கு எடுத்துப்போய்ப் பேசிவிட்டு வர, அதைவிட வசதியான கம்பம் கிடையாது. நிரந்தரமாக நிறுத்த வேண்டாம். சுவர் மெல்லியது, குலை விழுந்து அடிபட்டிருக்கும். இன்னொன்று, இரும்புக்கு உலோகச் சோர்வில் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை ஆடினாலும் ஒன்றும் ஆகாது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது, ஒவ்வொரு ஆட்டமும் கணக்கில் சேரும். பல ஆண்டு வெட்டிக் களைத்த கழியில் எவ்வளவு மிச்சம் என்று பார்வையால் சொல்ல முடியாது.

அந்தக் கழியைப் பற்றிப் பேசும்போது மின்கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கழி மின்கம்பியில் பட்டுத் தொழிலாளர் உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். தோட்டத்து ஓரமாகப் போகும் டிஎன்பி (மின்சார நிறுவனம்) கம்பிகளில் 11,000 வோல்ட்டும் 33,000 வோல்ட்டும் இருக்கலாம். அதில் உரசிய கம்பம் எந்த உலோகத்தில் செய்தது என்று மின்சாரம் கேட்காது. ஈர மூங்கிலும் ஃபைபர்கிளாஸும்கூடக் காப்பாற்றாது. உங்கள் கம்பம் ஆண்டெனாவோடு சேர்த்து 7.7 மீட்டர். எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பிக்கு இன்னும் 3 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். ஆக 11 மீட்டருக்குள் மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம், வேறு மூலையைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியும் இந்தக் கணக்கில் உண்டு.

அப்பா சொன்ன மூங்கில். அவர் அனுபவத்தில் பேசுகிறார், அது தப்பில்லை. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டு வருவதற்கு முன்னால் லயத்து வீடுகளுக்கு மேலே தொலைக்காட்சி ஆண்டெனாக்களை மூங்கில்தான் தாங்கிக்கொண்டு நின்றது. பெத்தோங் மூங்கில் தடிப்பு, உறுதி, எடைக்கு ஏற்ற விறைப்பு எல்லாம் சேர்ந்தது. சிக்கல் இரண்டு. மண்ணில் பட்ட அடி ஓரிரு ஆண்டில் இற்றுப்போகும். மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டு உள்ளேயிருந்து பொடிப்பொடியாக்கும். வண்டுக்கு வழி உண்டு: முற்றிய மூங்கிலாக வெட்டி, ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு மாவை வெளியேற்றலாம், அல்லது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கலாம். அடிக்கு, மண்ணில் நேரே நடாமல் இரண்டு செங்கால் மரக் கட்டைகளுக்கு நடுவே தரைக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம். செங்கால் மண்ணில் நிற்கும், ரப்பர் மரக் கட்டை நிற்காது, கரையானும் பூஞ்சையும் அதை விட்டுவைக்காது. 40 மீட்டர் டைபோலின் முனைகளுக்கு மூங்கில் நன்றாகவே போதும். அப்பாவை அந்த வேலைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுக்கம்பம் மட்டும் இரும்பாக இருக்கட்டும்.

கடைக்காரர் காட்டும் ஸ்டெயின்லெஸ் பைப் பெரும்பாலும் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் செய்யும் 304 ரகம். துருப்பிடிக்காது, பளபளக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், யூ போல்ட்டை இறுக்கினால் நசுங்கும், நசுங்கிய இடத்தில் மடங்கும். தடித்த சுவரில் வாங்கினால் அருமை, விலையைக் கேட்டால் ஜிஐக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். பிவிசி வேண்டவே வேண்டாம், இரும்போடு ஒப்பிட்டால் அதன் விறைப்பு அறுபதில் ஒரு பங்குகூட வராது, வெயிலில் நொறுங்கவும் செய்யும். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் மடக்குக் கழி மெல்லிய செங்குத்துக் கம்பிக்கு நல்லது, ஆனால் ஃபைபர்கிளாஸ் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆண்டெனா வேலையையே கெடுக்கும். பழைய தொலைக்காட்சிக் கம்பங்கள் 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு கேட்பாரற்று நிற்கின்றன. பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பைப் உதவாவிட்டாலும் சுவர்ப் பிடி உதவும்.

பிடியைப் பற்றி. அந்த 120 கிலோமீட்டர் காற்றில் உங்கள் 6 மீட்டர் கம்பம் பிடியை 34 கிலோ அளவுக்கு இழுக்கும், தள்ளும். பெரிய சுமை இல்லை, ஆனால் திரும்பத் திரும்ப ஆட்டும். கூரை விளிம்புப் பலகையில் அடிக்காதீர்கள். வெறும் செங்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் போடாதீர்கள். கான்கிரீட் தூணிலோ பீமிலோ 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கு. சுவர்ப் பிடிக்கும் பைப்புக்கும் இடையே, இறக்கும்போது கழற்றக்கூடிய யூ போல்ட் இரண்டு. லோரி சைலன்சருக்குப் போடும் கிளாம்ப் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கிடைக்கும், ஆனால் அதன் பூச்சு இங்கே சீக்கிரம் துருவேறும். சூட்டில் முக்கித் துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ பாருங்கள்.

கம்பத்தை நேரே கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். கான்கிரீட்டும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் தண்ணீர் தங்கும், துரு அங்கேதான் தொடங்கும். அதைவிட, புதைத்தால் ஆண்டெனாவில் கை வைக்க ஒவ்வொரு முறையும் ஏணி ஏற வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி, அதில் கான்கிரீட், நடுவே இரண்டு சி சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) தூண்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. அவற்றின் இடையே பைப்பை நிறுத்தி அடியில் 16 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, அதுதான் கீல். யூ போல்ட்டைக் கழற்றினால் கம்பம் கொல்லைப் பக்கம் சாயும். பைப் எடை 21 கிலோவுக்கு மேல், உச்சியில் ஆண்டெனாவும் கேபிளும். ஒருவர் அடியில் நிற்க, ஒருவர் தோளில் ஏற்றி நடக்க, இன்னொருவர் கயிற்றைப் பிடிக்க, மூன்று பேர் இருந்தால் வேலை நிதானமாக முடியும். சாயும் பாதையில் துணிக்கொடி, மாட்டுக் கொட்டகை, பப்பாளி மரம் எதுவும் இல்லை என்று சேனலை நடுவதற்கு முன்பே பாருங்கள்.

பின்னாளில் 9 மீட்டருக்குப் போவதானால் மேலே 38 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள அலுமினியக் குழாய், 60 சென்டிமீட்டர் உள்ளே போகுமாறு. அப்போது 6 மீட்டர் மட்டத்தில் மூன்று திசையிலும் இழுவைக் கம்பி கட்டாயம். ஆங்கர்கள் அடியிலிருந்து குறைந்தது 4 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், உங்கள் கொல்லையில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு யோசியுங்கள். கயிறு என்றால் கறுப்பு பாலியெஸ்டர். சாமான் கடையில் தொங்கும் நீலப் பாலிபுரோப்பிலின் கயிறு நம் வெயிலில் நார்நாராகப் போகும், நைலான் மழையில் நீண்டு தொய்யும். எஃகுக் கம்பி போட்டால் கிளிப்பின் சேணம் (யூ போல்ட் மாட்டும் அடிக்கட்டை) சுமை தாங்கும் பக்கத்திலும் யூ வளைவு மிச்ச வால் பக்கத்திலும் உட்கார வேண்டும், மாற்றிப் போட்டால் கம்பி வழுக்கும். டைபோல் முனை ரம்புத்தான் மரத்தில் போகிறதென்றால் ஒரு கப்பி, கயிற்று நுனியில் தண்ணீர் நிரப்பிய போத்தல். மரம் ஆடும்போது கம்பி அறாது.

இடி மின்னல் உங்கள் கம்பத்துக்காகக் காத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் பாதி நாளுக்கு மேல் எங்கேயாவது இடி கேட்கும் நாடு இது. இரும்புக் கம்பத்தின் அடியில் செம்பு பூசிய எர்த் கோல் ஒன்றை மண்ணுக்குள் 1.5 மீட்டருக்குக் குறையாமல் அடித்து, 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரால் நேராக, வளைவில்லாமல் இணையுங்கள். அதை வீட்டு மின் எர்த்தோடும் இணைக்க வேண்டும். தனித்தனியே விட்டால் இடி விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையே வரும் மின்னழுத்தம் உங்கள் ரேடியோவின் வழியாகத்தான் பாயும். வீட்டுப் பக்க வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். செம்பு லக்கை (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) ஜிஐ மேல் நேரே வைத்தால் ஈரத்தில் துத்தநாகம் கரையும், வெள்ளீயம் பூசிய லக் போட்டு நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் வையுங்கள். இத்தனையும் செய்தாலும் நேரடி இடியை எதுவும் தடுக்காது. மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், அதுவும் இடி தொலைவில் இருக்கும்போதே.

ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். 20 மீட்டர் நீளத்துக்கு ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளைப் போட்டால் 2 மீட்டர் அலைவரிசையில் உங்கள் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளிலேயே சூடாகிப் போகும். தடித்த ஆர்ஜி-213 என்றால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். கம்பத்தை ஒரு மீட்டர் உயர்த்துவதைவிட இது பலன் தரும்.

நடுவதற்கு முன் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பின் சந்து யாருடைய நிலம் என்பதையும் சேர்த்து. பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். கம்பம் சாயும் பக்கம் அவர்கள் வேலி இருந்தால் முன்கூட்டியே பேசுவது நல்லது.

பைப் வாங்கும் நாளில் கடைக்காரர், காடியில் ஏற்ற வசதியாக இருக்கும், இரண்டாக வெட்டித் தரவா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்பில் தோட்டத்துப் பக்கமோ டோவன்பி தோட்டத்துப் பக்கமோ கம்பி, சிமெண்டு ஏற்றிப் போகும் அவர்கள் லோரியிலேயே 6 மீட்டர் முழுசாக வீட்டு வாசலில் இறக்கித் தருவார்கள். ஏற்றுக்கூலி தனியாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.